ஒரு எண், ஒரு ஆள்

ஷண்முகப்ரியாவுக்கு முதல் வேலை கிடைத்த செய்தியை அவளுக்கு முன்னால் கேட்டவர் அவளுடைய அப்பா அய்யாதுரை. கேட்டுவிட்டு, "அஞ்சு லிட்டர் குக்கர் இப்ப ஸ்டாக் இல்லைங்க" என்று சொல்லி போனை வைத்தவரும் அவர்தான். தி.நகரில் பாத்திரக்கடை, ஆடி மாதக் கூட்டம், ஒரு பக்கம் எவர்சில்வர் அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம். அந்த இரைச்சலில் ஒரு பெண் ஆங்கிலத்தில் என்ன சொன்னால் அவருக்கென்ன? அந்த வீட்டுக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு செல்போன், அதுவும் அவருடைய சட்டைப்பையில். கேஸ் புத்தகத்திலும், தம்பி வெங்கடேஷின் பள்ளிக்கூடத்திலும், அவளுடைய வேலை விண்ணப்பத்திலும் எழுதியிருந்தது அந்த எண்தான். கம்பெனிக்காரர்கள் மறுநாளும் விடாமல் கூப்பிட்டதால் அவள் பிழைத்தாள்.

இது நடந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்தக் கதையை அவள் அலுவலகத்தில் எத்தனையோ முறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். சொன்னாளே தவிர, அது தன் வேலைக்கு ஏதாவது சொல்கிறதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. தன் வீட்டில் நடந்தது வேடிக்கைக் கதை, புத்தகத்தில் இருப்பதுதான் உண்மை.

அவள் வேலை டேட்டாபேஸ் வடிவமைப்பு. கோடிக்கணக்கான தகவல்களை எங்கே வைப்பது, எப்படி வைத்தால் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வரும் என்று முடிவு செய்கிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி, இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அடையாற்றில் இருக்கிற அவளுடைய கம்பெனி, தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கும் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லோரும் வெறும் வயிற்றோடு காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் வருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் லட்சம் பேர் ஒரே சமயத்தில் கதவைத் தட்டினால் பழைய மென்பொருள் படுத்துவிடும். பசியோடு வரிசையில் நிற்கிறவர்கள் கவுண்டர் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதைச் சரிசெய்யும் பொறுப்பு நாலு வருடத்துக்கு முன்பு ஷண்முகப்ரியாவிடம் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஒருவருடைய ரிப்போர்ட்டைத் தேட இரண்டு வழி. முதல் வழியில், ஒவ்வொரு மனிதருக்கும் தனி அடையாளம் ஒன்று கொடுத்து, போன் எண்ணை அவருடைய விவரங்களில் ஒன்றாக மட்டும் வைத்துக்கொள்வது. அப்படியானால் எண்ணைக் கொண்டு முதலில் ஆளைத் தேட வேண்டும், பிறகு ஆளைக் கொண்டு ரிப்போர்ட்டைத் தேட வேண்டும். தகவல்கள் பதினாறு சர்வர்களில் பிரிந்து கிடக்கும்போது அது இரண்டு நடை. இரண்டாவது வழியில், போன் எண்தான் ஆள். எண்ணைப் பார்த்ததுமே எந்த சர்வர் என்று தெரிந்துவிடும், ஒரே நடையில் ரிப்போர்ட் வந்து விழும். முதல் வழி மெதுவானது, ஆனால் ஆள் மாறாது. இரண்டாவது வழி பறக்கும், ஒரு போனுக்கு ஒரே ஆள் இருக்கிறவரை.

அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளைப் பலகையில் "ஒரு எண், ஒரு ஆள்" என்று பெரிதாக எழுதி அடியில் கோடும் போட்டாள். கூடவே இன்னொரு விதி. சில சமயம் எடுத்த ரத்தம் உறைந்து வீணாகி, மறுபடி எடுப்பார்கள். ஆகையால் ஒரே எண்ணில், ஒரே நாளில், ஒரே பரிசோதனைக்கு இரண்டு முடிவு வந்தால், பின்னால் வந்ததுதான் சரி. முன்னால் வந்தது அழிந்துவிடும்.

கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பதினோரு பேர் தலையாட்டினார்கள். வியாசர்பாடியிலிருந்து வருகிற பாலகணேஷ் மட்டும் கையைத் தூக்கினான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன். பேச எழுந்ததும் பதற்றத்தில் அலுவலகத் தமிழும் ஆங்கிலமும் கைவிட்டுப்போய், வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"மேடம், எங்க ஊட்ல அஞ்சு பேருக்கு ஒரு போன்தான் கீது. அப்போ இன்னா பண்றது?"

ஷண்முகப்ரியா சிரித்தாள். "எந்தக் காலத்துல கீறீங்க பாலா?" என்றாள், அவன் மாதிரியே இழுத்து. அறை கொல்லென்று சிரித்தது. பாலகணேஷும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவன் கையைத் தூக்கியதில்லை.

மென்பொருள் பறந்தது. அரை வினாடியில் ரிப்போர்ட். ஷண்முகப்ரியாவுக்குப் பதவி உயர்ந்தது. மேடையேற்றி இரண்டு மூன்று இடங்களில் பேசவும் வைத்தார்கள். அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவ போட்ட கம்ப்யூட்டர்லதான் ஊருக்கே சுகர் பாக்காங்க" என்று சொல்லி, குக்கர் வாங்க வந்தவர்களைக் காக்க வைத்தார். போன வருடம் அவளே அப்பாவையும், தனியாகப் போன் இல்லாத அம்மாவையும் அப்பாவின் எண்ணிலேயே அதில் சேர்த்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் வீட்டுக்கே வந்து இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போவான். அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா பேச்சியம்மாளுக்கு ஒன்றுமில்லை. வயதாகிறதே, பார்த்து வைப்போம் என்றுதான்.

இந்த ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு, அய்யாதுரை கடையில் ஒரு பெண்ணுக்கு இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தவர், என்ன காட்டுகிறோம் என்று தெரியாமல் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. "வெங்கடேசு" என்று கூப்பிட்டார், கூப்பிட்டபடியே அடுக்கி வைத்த குடங்களின் மேல் சாய்ந்தார். குடங்கள் உருண்டு தெரு வரைக்கும் போயின. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தெட்டு. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, வெங்கடேஷின் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார்.

"இவர் ரிப்போர்ட்டுல சர்க்கரை முந்நூறுக்கு மேல இருக்கு. அதைப் பார்த்துத்தான் பதினஞ்சு நாள் முன்னாடி மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்காங்க. எழுதினபடி சாப்பிட்டா இவ்வளவு இறங்காதே" என்றார் டாக்டர். "வீட்ல மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது யாரு?"

எல்லோரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள்.

நாற்பத்து நாலு வருடமாக அந்த வீட்டில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். வெந்நீர், துண்டு, சாப்பாடு, மாத்திரை. அன்றைக்கும் அவள்தான் கொடுத்தாள். ஒரு தடவை கொடுத்தாளா, மறந்துபோய் இரண்டு தடவை கொடுத்தாளா என்று டாக்டர் தன்மையாகத்தான் கேட்டார். பேச்சியம்மாள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் வெளிறியது.

"ஒரு தடவதான் குடுத்தேன்" என்றாள். பிறகு, "குடுத்தேன்னுதான் நெனைக்கேன்" என்றாள்.

அந்த "நெனைக்கேன்" போதுமானதாக இருந்தது. அய்யாதுரை வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், மாத்திரை டப்பாவை வெங்கடேஷிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னதுதான். "இவ கையில இனிமே இதக் குடுக்காதல. ஆளையே முடிச்சிருப்பா" என்றார். அப்புறம் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் மருமகளைக் கூப்பிட்டார்.

ஷண்முகப்ரியாவும் அன்று அந்த வீட்டில்தான் இருந்தாள். அம்மாவுக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள். அம்மாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது, அதற்கென்று இருக்கிற டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவளே போனில் தேடி, நங்கநல்லூரில் ஒருவரைக் கண்டுபிடித்து, பதினைந்து நாள் கழித்து நேரமும் வாங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வலியுல்லா வந்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவன், இந்த வீட்டுக்கு வழக்கமாக வருகிறவனும் அவன்தான். ஆஸ்பத்திரியில் சொன்னபடி அய்யாதுரைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது ஷண்முகப்ரியாவிடம் விசாரித்தான்.

"இன்னா மேடம் ஆச்சு நைனாவுக்கு? நல்லா தான இருந்தாரு?"

சொன்னாள். ரிப்போர்ட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்ததையும் சொன்னாள்.

"அது நைனாவுதா, அம்மாவுதா?" என்றான் வலியுல்லா.

"என்ன கேக்கறீங்க?"

"நான் ரெண்டு டியூப் எட்த்தேன் மேடம். எப்பவும் நைனாவுக்கு மொதல்ல, கட தொறக்கப் போவணும்னு. அப்பால அம்மாவுக்கு. ரெண்டுலயும் பேர் எய்தி ஒட்னேன். ஆனா வர்றது ஒரே ரிப்போர்ட்டுதான். இங்க மட்டும் இல்ல, போற ஊட்ல பாதி இப்டித்தான் கீது. ஆபீஸ்ல கேட்டா, சிஸ்டத்துல ஒரு நம்பருக்கு ஒரு ஆளுதான்னு சொல்லிட்டாங்க. எங்கம்மாவுக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லோ நான் எதிர்வூட்டு நம்பரக் குட்த்துட்டேன். எந்தப் புண்ணியவான் இத்தப் பண்ணானோ!"

புண்ணியவதி அவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். "விசாரிக்கிறேன்" என்றாள். அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அடையாறு வரைக்கும் ஆட்டோவில் போகும்போது, அப்படி இருக்காது, அப்படி இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். அலுவலகத்தில் உட்கார்ந்து அப்பாவின் எண்ணைத் தட்டினாள். அழிந்துபோன முடிவுகளும் ஓர் ஓரத்தில் குறிப்பாகக் கிடக்கும். அவளைப் போன்றவர்கள் தேடினால் எடுக்கலாம். எடுத்தாள். பதினெட்டு நாளுக்கு முன்பு, முதல் பதிவு நூற்று இருபத்தெட்டு. பதினோரு நிமிடம் கழித்து இரண்டாம் பதிவு முந்நூற்றுப் பன்னிரண்டு. முதல் பதிவு அழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று தடவையும் அதே கதை. அப்பா முதலில், அம்மா பின்னால். பின்னால் வந்ததுதான் சரி என்று விதி எழுதியவள் அவள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அம்மாவின் ரத்தத்தைப் பார்த்து அப்பாவுக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அம்மா எழுதிக் கொடுத்தபடி, ஒரு தடவைதான் கொடுத்திருக்கிறாள்.

ஷண்முகப்ரியாவுக்கு முகமெல்லாம் சுட்டது. அப்படியே எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அம்மாவை எல்லோரும் திரும்பிப் பார்த்த அந்த நிமிடத்தில் தானும் சேர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. அதோடு பாலகணேஷ் நினைவுக்கு வந்தான், அவன் குரலைத் தான் இழுத்துப் பேசிக் காட்டியதும்.

அவன் மூன்று மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். போய்ப் பக்கத்தில் நின்றாள். "பாலா, அன்னைக்கு மீட்டிங்ல நீங்க ஒண்ணு கேட்டீங்க. ஒரு போன், அஞ்சு பேருன்னு" என்று ஆரம்பித்தாள். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

பாலகணேஷ் அவளைப் பார்க்கவில்லை. பழையதை எடுத்துப் பேசவும் இல்லை. பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லி, தன் வீட்டு எண்ணைத் தட்டினான். குறிப்புகளைக் கீழிருந்து மேலாகப் படித்தான். உடனே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். "எம்மா, போன மாசம் ரத்தம் குட்த்தல்ல, அது உன்துன்னு நெனச்சது உன்து இல்ல. பயப்படாத. நாளைக்கு நானே இட்டுனு போறேன், மறுபடி குடு. தண்ணி மட்டும் குடிச்சினு வா" என்று சொல்லி வைத்தான். அதற்குப் பிறகுதான் அவள் பக்கம் திரும்பினான்.

"எல்லாருக்கும் எண்ணிப் பாக்கலாமா மேடம்?" என்றான்.

எண்ணிப் பார்த்தார்கள். ஒரே எண்ணில் ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி வந்து, ஒன்றின் மேல் ஒன்று அழித்து எழுதிய எண்கள் பதினோரு லட்சம்.

அலுவலக வேலையை அவள் ஒழுங்காகத்தான் செய்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் அழிக்கிற விதியை நிறுத்தினாள். மேலதிகாரிகளிடம் போனாள். "கவுண்டர்ல ஒரு போர்டு மாட்டிட்டா போதாதா, ஆளுக்கு ஒரு நம்பர் கொண்டு வாங்கன்னு?" என்று ஒருவர் கேட்டபோது, போதாது என்று சண்டை போட்டாள். ஆனால் எழுத்தில் கொடுத்த அறிக்கையில் "நான் தவறாக வடிவமைத்தேன்" என்று எழுதக் கை வரவில்லை. "வடிவமைப்பில் ஒரு வரம்பு கண்டறியப்பட்டது" என்று எழுதினாள். ஏதோ அது தானாக முளைத்த மாதிரி, இவள் போய்க் கண்டுபிடித்த மாதிரி. பாலகணேஷ் அதைப் படித்துவிட்டு எழுத்துப்பிழை இரண்டை மட்டும் திருத்திக் கொடுத்தான்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தப் பதினோரு லட்சம் எண்களுக்கும் செய்தி அனுப்புவதென்று முடிவாயிற்று. உங்கள் எண்ணில் பதிவான முடிவுகளில் வேறொருவருடையது கலந்திருக்கலாம், டாக்டரைப் பாருங்கள், கட்டணமில்லாமல் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று.

அலுவலகத்தில் சொன்னதை வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போனில் அப்பா, "ஒன் கம்ப்யூட்டர் முன்னூறுன்னு காட்டாம இருந்தா டாக்டருக்கே தெரிஞ்சிருக்காதுல்லா" என்று பெருமையாகச் சொன்னார். அவள் "ம்" என்றாள். மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைக்க வேண்டும் என்று டாக்டரிடம் தனியாகப் போய் ரிப்போர்ட் கலந்துபோனதைச் சொல்லிவிட்டாள், அப்பாவுக்கு இனி ஆபத்தில்லை. ஆகையால் அவசரமில்லை என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம், அப்பா கொஞ்சம் தேறட்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் இருக்கிறார்களே, எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்குத்தான் சமையலறையில் தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். தாளின் வெள்ளை இடத்திலெல்லாம் பென்சிலால் கிறுக்கியிருந்தது. அம்மாவின் கையெழுத்து. 'காலை 6 பால் காய்ச்சினேன். 7 கேஸ் மூடினேன். 8 மூடினேன் பார்த்தேன்.' முந்தின நாள் தாளையும் கிழிக்காமல் மடித்துச் செருகி வைத்திருந்தாள், அதிலும் இதே மாதிரி.

"என்னம்மா இது?" என்றாள்.

"மறந்துரக் கூடாதுன்னுதான்" என்றாள் பேச்சியம்மாள் தாழ்ந்த குரலில். "ஏட்டி, நான் அன்னைக்கு ரெண்டு தடவதான் குடுத்திருப்பனோ? எத்தன யோசிச்சாலும் ஒரு தடவதான் ஞாபகத்துல வருது. அப்ப அந்த இன்னொரு தடவ எங்க போச்சு? அவுக போயிருந்தா நான் என்னத்தச் சொல்லி அழுதிருப்பேன்?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய்வரை வந்தது. ஆனால் அம்மா தன்னை நிமிர்ந்து பார்த்தவுடன், "நங்கநல்லூர் டாக்டர் நல்லா பாப்பாராம்மா, பயப்படாத" என்றுதான் ஷண்முகப்ரியாவுக்குச் சொல்ல வந்தது. சொல்லிவிட்டு மந்தைவெளிக்குத் திரும்பியவள், தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கக் கூசி, விளக்கைப் போடாமலே கை கழுவினாள். தெருவில் போகிற யாரோ செய்த தப்பென்றால் என்னென்ன பேசியிருப்பாள்! தன் தப்பென்றதும் தாயின் தலையில் வைத்துவிட்டு நடமாட முடிகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அருவருப்பு இருந்தது, ஆனாலும் திங்கள், செவ்வாய், புதன் என்று நாள் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் அவளை நகர்த்தியது மனச்சாட்சி என்று சொன்னால் பொய். சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தச் செய்தி அப்பாவின் போனுக்கும் வரும். வெங்கடேஷ் படித்துச் சொல்வான். அதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய தைரியம். எட்டரைக்கே மந்தைவெளியில் ஆட்டோ பிடித்தாள். லஸ் முனையில் நெரிசலில் மாட்டி, நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பதேகாலுக்கு தி.நகர் போய்ச் சேர்ந்தாள்.

அய்யாதுரை கூடத்தில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார், அன்றிலிருந்து கடைக்குப் போவதாக ஏற்பாடு. வெங்கடேஷ் பீரோவைத் திறந்து காலை மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் சமையலறை நிலையைப் பிடித்தபடி நின்றாள். கூடத்துக்கு வந்து நிற்பதை அவள் விட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

"அப்பா, அம்மா மேல தப்பில்லப்பா. தப்பு என்னுது" என்று ஷண்முகப்ரியா செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தாள்.

சொன்னாள். ஒரு எண்ணுக்கு ஒரு ஆள் என்று தான் வைத்த கணக்கைச் சொன்னாள். வலியுல்லா இரண்டு டியூப் எடுத்ததைச் சொன்னாள். "மொதல்ல எடுத்தது உங்களுது, நூத்தி இருபத்தெட்டு. அதை அழிச்சிட்டு மேல வந்து உக்காந்தது முந்நூத்திப் பன்னெண்டு. அதைப் பாத்து மாத்திரையக் கூட்டிட்டாங்க. அம்மா ஒரு தடவதான் குடுத்திருக்காங்க. எனக்கு இது தெரிஞ்சு எட்டு நாள் ஆச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல" என்று முடித்தாள். அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

அய்யாதுரை சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். ஓங்கி ஓர் அறை விடுவார் என்றுகூட அவள் எதிர்பார்த்தாள். அவர் வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"விடுட்டி. இதுக்குப் போயா அழுவுத? மெசின்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். இத்தன லட்சம் பேருக்குச் செய்யுத, ஒண்ணு ரெண்டு தப்பாதா? நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார். "நான்தான் இந்தா குத்துக்கல்லாட்டம் இருக்கேன்லா!"

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. உண்மையாகவே ஆளை முடித்திருக்கக் கூடியவளுக்கு அரை நிமிடத்தில் மன்னிப்பு. செய்யாத தப்புக்கு ஒருத்தி பதினோரு நாள் ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் சமையலறையில் நின்றாள். அவளிடம் இப்போதும் யாரும் எதுவும் சொல்லவில்லை. வெங்கடேஷ் மட்டும் கையில் மாத்திரை டப்பாவோடு, அதைப் பீரோவில் வைப்பதா, அம்மாவிடம் கொடுப்பதா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். ஷண்முகப்ரியாவுக்கு அப்பாவின் கை தலையில் இருப்பது தாங்கவில்லை. தலையை நகர்த்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழுவாள், அல்லது இப்போதாவது வாய்விட்டுத் திட்டுவாள் என்று நினைத்தாள்.

பேச்சியம்மாள் அழவில்லை. மகள் சொன்னதை ஒவ்வொன்றாகத் திரும்ப நினைத்துப் பார்க்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, அப்போ அந்த முன்னூத்திப் பன்னெண்டு ஆருது?" என்றாள்.

அய்யாதுரை மெல்லத் திரும்பி, மனைவியைப் பார்த்தார். அந்த எண்ணை ஷண்முகப்ரியா எட்டு நாளாக மனப்பாடமாக வைத்திருந்தாள். அறிக்கையில் எழுதினாள், கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினாள், டாக்டரிடம் போய் அது அப்பாவுடையதல்ல என்று சாதித்தாள். யாருடையது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட அவள் நினைக்கவில்லை. பாலகணேஷ் தன் கண்ணெதிரில் அம்மாவுக்குப் போன் செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கும் தோன்றவில்லை. போன தீபாவளியிலிருந்து அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள், ரவிக்கையை இரண்டு தரம் பிடித்துத் தைத்தார்கள். "சூப்பரா ஸ்லிம் ஆயிட்டம்மா" என்று சொன்னது அவள்தான்.

"எனக்குச் சீட்டு வராததப் பாத்து, நமக்கு ஒண்ணுமில்ல, அதான் வரலன்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் பேச்சியம்மாள்.